மாலிக்யூல் மாடல் கிட் ரிவ்யூ: சர்க்கரைகளைக் கட்டிப் பாக்க இது தேறுமா?

முதல்லயே சொல்லிடறேன், இது ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முழுசுக்குமான ரிவ்யூ இல்ல. குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், கேலக்டோஸ், அப்புறம் ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டு இருக்கற சுக்ரோஸ், லாக்டோஸ், மால்டோஸ், இதுகளைக் கையால கட்டிப் பாக்கறதுக்காகவே ஒரு பால் அண்ட் ஸ்டிக் கிட் வாங்கினேன், அந்த ஒரு வேலைக்கு இது எவ்ளோ தூரம் வருதுங்கறதுதான் இங்க. பிராண்ட் பேரு போடல. இதே அச்சுல இதே டப்பாவைப் பல பேருல வித்துட்டு இருக்காங்க, எதை வாங்கினாலும் உள்ள கிட்டத்தட்ட இதேதான் இருக்கும்.

டப்பாவுக்குள்ள என்ன இருக்குனா, கருப்பு உருண்டை 12, அதுதான் கார்பன், ஒவ்வொண்ணுலயும் நாலு ஓட்டை. வெள்ளை 20, ஹைட்ரஜன், ஒரே ஓட்டை. சிவப்பு 6, ஆக்சிஜன், ரெண்டு ஓட்டை. நீலம் பச்சை மஞ்சள்னு இன்னும் கொஞ்சம் கெடக்கு, சர்க்கரைக்கு அதெல்லாம் வேண்டாம். குச்சி ரெண்டு வகை, குட்டையா விறைப்பா ஒண்ணு, நீளமா வளையறது ஒண்ணு, வளையறது டபுள் பாண்டுக்கு. இந்தக் கருப்பு வெள்ளை சிவப்பு கலர் கணக்கு இன்னிக்கு நேத்து வந்ததில்ல, 1865ல ஹோஃப்மன்ங்கற கெமிஸ்ட் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல லெக்சர் குடுக்கறப்ப குரோக்கே விளையாட்டு பந்துகளைக் குத்திக் காட்டினாரு, அந்த கலர்தான் இன்னும் ஓடிட்டு இருக்கு. பிளாஸ்டிக் குவாலிட்டி பரவால்ல, உருண்டை நல்லா வழவழன்னு இருக்கு, ஆனா குச்சி ஆரம்பத்துல ரொம்ப டைட், விரல் நுனி சிவந்துரும்.

சரி, குளுக்கோஸ். 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். ஆறு கருப்பை வரிசையா கோத்துக்கோங்க. முதல் கார்பன்ல மட்டும் ஒரு சிவப்பை வளையற குச்சி ரெண்டால டபுளா மாட்டணும், அதுதான் ஆல்டிஹைடு. மத்த அஞ்சு கார்பனுக்கும் ஆளுக்கொரு ஓஹெச், அதாவது ஒரு சிவப்பு, அது மேல ஒரு வெள்ளை. மிச்ச ஓட்டையெல்லாம் வெள்ளை. கட்டி முடிச்சா டப்பாவுல இருந்த சிவப்பு அத்தனையும் காலி, இந்த விஷயத்துக்கு அப்புறம் வரேன்.

இப்ப இந்தக் கிட்டோட பெஸ்ட் மொமெண்ட். நீளமா இருக்கற சங்கிலியை லேசா மடக்கினீங்கன்னா அஞ்சாவது கார்பன்ல இருக்கற ஓஹெச் தானா முதல் கார்பன் பக்கத்துல வந்து நிக்கும். யாரும் இழுக்க வேணாம், ஓட்டைகளோட கோணம் 109.5 டிகிரி, அதுவே கொண்டுவந்து விட்டுரும். அங்க என்ன பண்ணணும்னா, முதல் கார்பன்ல இருக்கற டபுள் குச்சியில ஒண்ணைக் கழட்டணும், அஞ்சாவதோட ஆக்சிஜன்ல இருக்கற வெள்ளை உருண்டையைப் பிடுங்கி அந்த ஆல்டிஹைடு ஆக்சிஜன்ல குத்தணும், காலியான அஞ்சாவது ஆக்சிஜனை முதல் கார்பனோட சேக்கணும். வளையம் மூடிடுச்சு. எங்க அக்கா பொண்ணு கூட உக்காந்து கட்டிட்டு இருந்தா, "சித்தி, மூடிடுச்சு, ஆனா ஒரு உருண்டை கூட மிச்சம் வரலயே, எதையாவது விட்டுட்டோமா?"னு கேட்டா. விடல, அதான் விஷயமே. திறந்த சங்கிலிக்கும் வளையத்துக்கும் ஃபார்முலா ஒண்ணுதான், எதுவும் உள்ள வரல, எதுவும் வெளிய போகல. புக்ல ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டு நடுவுல ஒரு அம்புக்குறி போட்டிருப்பாங்க, அந்த அம்புக்குறிக்குள்ள என்ன நடக்குதுன்னு கையால பண்ணினாதான் புரியுது.

அதோட நிக்கல. மூடறப்ப முதல் கார்பன்ல புதுசா உருவான ஓஹெச் எந்தப் பக்கம் போகுதுங்கறத பாருங்க, வளையத்துல இருந்து பக்கவாட்டுல போனா பீட்டா, செங்குத்தா கீழ போனா ஆல்ஃபா. ஆல்ஃபாவை பீட்டாவா மாத்தணும்னா சும்மா திருகி மாத்த முடியாது, வளையத்தைக் கழட்டித் திறந்து, திருப்பி, மறுபடி மூடணும். தண்ணியில கரைஞ்ச குளுக்கோஸும் அச்சு அசலா இதையேதான் பண்ணிட்டு இருக்கு. திறக்கும், மூடும், திறக்கும், மூடும், கடைசில ஏறத்தாழ 36 சதவீதம் ஆல்ஃபா, 64 சதவீதம் பீட்டான்னு ஒரு பேலன்ஸ்ல வந்து நிக்கும், திறந்த சங்கிலியா இருக்கறது 1 சதவீதத்துக்கும் ரொம்ப ரொம்பக் கம்மி. சுத்தமான ஆல்ஃபாவை தண்ணியில போட்டு, ஒரே தளத்துல மட்டும் அதிர்ற ஒளியை உள்ள விட்டு, அந்தத் தளம் எவ்ளோ திரும்புதுன்னு அளந்தா முதல்ல பிளஸ் 112 டிகிரி காட்டும், நேரம் போகப் போக இறங்கி 52.7ல நிக்கும். பீட்டாவை போட்டா 18.7ல ஆரம்பிச்சு ஏறி அதே 52.7க்கு வரும். மியூட்டாரொட்டேஷன்னு பேரு.

ஏன் பீட்டா அதிகம்னும் மாடலே சொல்லுது. புக்ல வளையத்தை தட்டையான அறுகோணமா வரைவாங்க, தட்டையா வைக்கணும்னா கோணம் 120 வேணும், இங்க ஓட்டை 109.5ல இருக்கு, அதனால தட்டையா அழுத்தினா குச்சி முறுக்கிக்கிட்டு எதிர்க்கும், விட்டா டக்குனு மடிஞ்சு நாற்காலி வடிவத்துக்குப் போயிரும். அப்படி மடிஞ்சதும் பீட்டா குளுக்கோஸ்ல பெரிய க்ரூப் எல்லாமே, நாலு ஓஹெச்சும் ஆறாவது கார்பனும், வளையத்துல இருந்து வெளிப்பக்கமா நீட்டிக்கிட்டு நிக்கும், ஒண்ணோட ஒண்ணு இடிக்காது. ஆறு கார்பன் ஆல்டோஸ், அதாவது ஆல்டிஹைடு உள்ள சர்க்கரைகள் மொத்தம் 16, எட்டு டி வகை, அதுகளோட கண்ணாடி பிம்பமா எட்டு எல் வகை, அந்த டி எட்டுல இப்படி எல்லாத்தையும் வெளிய தள்ளி வச்சு நிம்மதியா உக்காரக்கூடியது குளுக்கோஸ் ஒண்ணுதான். உயிர்கள் எல்லாம் எனர்ஜிக்கு இதையே முக்கியமா வச்சுக்கிட்டதுக்கு இதை ஒரு காரணமா சொல்றவங்க உண்டு, ஏன்னா வளையத்துலயே நிம்மதியா இருந்தா திறந்து ஆல்டிஹைடு முனையை வெளிய நீட்டறது குறையும், அந்த முனைதான் புரோட்டீன்ல போய் ஒட்டிக்கற சேட்டைக்காரன். சுகர் டெஸ்ட்ல ஹெச்பிஏ1சினு ஒரு நம்பர் வருமே, ஹீமோகுளோபின்ல எவ்ளோ பங்குல அப்படி குளுக்கோஸ் ஒட்டியிருக்குங்கறதுதான் அது. ரத்தத்துல ஒரு சமயத்துல இருக்கறது என்னவோ மொத்தமே 4, 5 கிராம்தான், வெறும் வயித்துல 100 மில்லிக்கு 70ல இருந்து 100 மில்லிகிராம், அதுக்கே இந்தப் பாடு.

டி, எல் பத்தி ஒரு வரி. எல்லா ஓஹெச்சையும் கண்ணாடியில தெரியற மாதிரி மாத்திக் கட்டினா எல் குளுக்கோஸ் வரும், வலது கால் செருப்பும் இடது கால் செருப்பும் மாதிரி, எப்படித் திருப்பினாலும் ஒண்ணு மேல ஒண்ணு பொருந்தாது. நாக்குக்கு ரெண்டும் இனிக்கும், ஆனா உடம்போட என்சைம் எல் வகையை எடுத்துக்காது. எமில் ஃபிஷர்ங்கற ஜெர்மன் கெமிஸ்ட் 1891ல குளுக்கோஸோட ஓஹெச்கள் ஒண்ணுக்கொண்ணு எப்படி அமைஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சப்ப நிஜமான சர்க்கரை இந்த கண்ணாடி ஜோடி ரெண்டுல எதுன்னு தெரிஞ்சுக்க வழியே இல்ல, ஒண்ணை எடுத்து இதுதான்னு வச்சுக்கிட்டாரு. 1902ல நோபல் வாங்கினாரு. 1951ல பைஃபுட்ங்கற விஞ்ஞானி எக்ஸ்ரேவால பாத்தப்பதான் ஃபிஷர் எடுத்த பக்கம் சரின்னு உறுதியாச்சு. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஊகம், வொர்க்அவுட் ஆயிடுச்சு.

கேலக்டோஸ் கட்டறது நிமிஷ வேலை. குளுக்கோஸை அப்படியே வச்சுக்கிட்டு நாலாவது கார்பன்ல ஓஹெச்சையும் வெள்ளையையும் இடம் மாத்திக் குத்துங்க, முடிஞ்சது. வெளிப்பக்கம் நீட்டிட்டு இருந்த ஒரு கை இப்ப செங்குத்தா மேல நிக்குது, அவ்ளோதான் வித்தியாசம். ரெண்டாவது கார்பன்ல அதையே பண்ணினா மேனோஸ். கேலக்டோஸ் தனியா கெடைக்கறது ரொம்ப கம்மி, பெரும்பாலும் பால்ல லாக்டோஸுக்குள்ள குளுக்கோஸோட ஒட்டிக்கிட்டுதான் இருக்கும். இந்த ஒரு கையைத் திருப்பி குளுக்கோஸ் ஆக்கறதுக்கு நம்ம உடம்புக்குன்னு தனியா சில என்சைம்கள் வரிசையா வேலை செய்யணும், அதுல ஒண்ணு பிறவியிலயே இல்லாத குழந்தைக்கு பால் குடுத்தா ஆபத்தாயிரும், கேலக்டோசீமியான்னு சொல்வாங்க. டேபிள்ல ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா இவ்ளோ சின்ன மாத்தத்துக்கா இத்தனைன்னு தோணும்.

ஃப்ரக்டோஸ்ல டபுள் பாண்ட் முதல் கார்பன்ல இருந்து ரெண்டாவதுக்குப் போயிருது, அதாவது ஆல்டிஹைடு போய் கீட்டோன். உருண்டைக் கணக்கு அதேதான், ஒண்ணு கூடல குறையல. இங்கதான் டப்பாவோட வந்த கையேட்டு மேல எனக்குக் கோவம். ஃப்ரக்டோஸ்னா அஞ்சு முனை வளையம்னு ஒரே ஒரு படம் போட்டு விட்டுட்டாங்க. சுக்ரோஸுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கறப்ப அது அஞ்சு முனைதான், சரி. ஆனா தண்ணியில தனியா கரைஞ்சிருக்கறப்ப பெரும்பகுதி ஆறு முனை வளையமா இருக்கும். கட்டிப் பாருங்க, ரெண்டாவது கார்பனோட அஞ்சாவதோட ஆக்சிஜனை சேத்தா அஞ்சு முனை, ஆறாவதோட ஆக்சிஜனை சேத்தா ஆறு முனை, ரெண்டுமே சிரமப்படாம மூடுது. இது சும்மா புத்தக விஷயம் இல்ல, நாக்குல தெரியற விஷயம். அந்த ஆறு முனை பீட்டாதான் ரொம்ப இனிப்பு, சூடு பண்ணினா பேலன்ஸ் அஞ்சு முனை பக்கம் சாயும், இனிப்பு குறையும். ஃப்ரக்டோஸ் போட்ட பானம் சில்லுனு குடிக்கறப்ப தூக்கலா இருந்து சூடா குடிக்கறப்ப இறங்கிப் போறது இதனாலதான்.

அதே கையேட்டுல ஃப்ரக்டோஸ் பழத்துல இருக்கும், குளுக்கோஸ் ரத்தத்துல இருக்கும், லாக்டோஸ் பால்ல இருக்கும்னு டப்பா டப்பாவா பிரிச்சு ஒரு டேபிள். லாக்டோஸ் வரைக்கும் ஓகே, பசும்பால்ல 4.7 சதவீதம் போல, தாய்ப்பால்ல இன்னும் கூட, 7 சதவீதம் பக்கம். ஆனா பழம்னா ஃப்ரக்டோஸ் மட்டும்னு யாரு சொன்னா? திராட்சையில குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஏறக்குறைய சரிபாதி, ஆப்பிள் பேரிக்காயில ஃப்ரக்டோஸ் கை ஓங்கியிருக்கும், கேரட்டுல பெரும்பகுதி சுக்ரோஸ். வாழைப்பழம் காயா இருக்கறப்ப மாவுச்சத்து, பழுக்கப் பழுக்க அது உடைஞ்சு மூணு சர்க்கரையும் சேந்து வரும். தேன்ல சுமாரா 38 சதவீதம் ஃப்ரக்டோஸ், 31 சதவீதம் குளுக்கோஸ், 17 சதவீதம் தண்ணி, தேன் வச்சிருந்து அடியில உறைஞ்சு போச்சுன்னா கலப்படம்னு திட்டாதீங்க, குளுக்கோஸ் ஃப்ரக்டோஸ் அளவுக்கு தண்ணியில கரையாது, அதனால அது முதல்ல படிகமாகி உக்காந்துக்கும்.

இப்ப சிவப்பு உருண்டை பஞ்சாயத்துக்கு வரேன். டப்பாவுல 6தான் இருக்கு, ஒரு குளுக்கோஸ் கட்டினா தீந்துச்சு, பக்கத்துல வச்சு ஒப்பிட ஃப்ரக்டோஸ் கட்டவே முடியாது. சுக்ரோஸுக்கு 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் வேணும், கார்பன் மட்டும் கரெக்டா இருக்கு. ஆர்கானிக் கிட்னு அட்டையில போட்டுட்டு உலகத்துலயே அதிகமா புழங்கற ஆர்கானிக் பொருள்ல ஒண்ணை கட்ட முடியலன்னா என்ன சொல்றது? கடைசில இன்னொரு டப்பா வாங்கினேன். ரெண்டு டப்பா சேந்தா சிவப்பு 12, ஒரு குளுக்கோஸ் ஒரு ஃப்ரக்டோஸ், சொல்லி வச்ச மாதிரி சரியா இருக்கு.

அந்தச் செலவு வீண் போகல, அதையும் சொல்லணும். ஆல்ஃபா குளுக்கோஸோட முதல் கார்பன்ல இருக்கற ஓஹெச்சை முழுசா கழட்டுங்க. ஃப்ரக்டோஸோட ரெண்டாவது கார்பன் ஓஹெச்ல வெள்ளையை மட்டும் கழட்டுங்க. இப்ப ரெண்டு வளையத்தையும் அந்த ஆக்சிஜனால இணைங்க. சுக்ரோஸ். டேபிள்ல பாத்தா ஒரு சிவப்பு ரெண்டு வெள்ளை மிச்சம் கெடக்கும், சேத்துக் குத்தினா தண்ணி. குளுக்கோஸோட மூலக்கூறு எடை 180ம் ஃப்ரக்டோஸோட 180ம் கூட்டி தண்ணியோட 18ஐ கழிச்சா 342, சுக்ரோஸோட எடை அதான். இதைத் திருப்பிப் பண்ணினா, தண்ணியை உள்ள விட்டு உடைச்சா, அதுதான் தேனீ பண்ற வேலை, பூந்தேன்ல இருக்கற சுக்ரோஸை இன்வர்டேஸ்ங்கற என்சைமால ரெண்டா பிரிச்சு வச்சிருது. அந்த இன்வர்ட்ங்கற பேருக்கும் காரணம் இருக்கு, சுக்ரோஸ் கரைசல் ஒளியை பிளஸ் 66.5 டிகிரி வலப்பக்கம் திருப்பும், உடைஞ்சதும் குளுக்கோஸோட பிளஸ் 52.7ஐ ஃப்ரக்டோஸோட மைனஸ் 92 அமுக்கிரும், மொத்தத்துல மைனஸ் 20 பக்கம் போயிரும், வலம் இடமா கவுந்துருது.

இன்னொண்ணு கவனிங்க. வளையத்தைத் திறக்கறதுக்கு குளுக்கோஸ்ல முதல் கார்பன், ஃப்ரக்டோஸ்ல ரெண்டாவது கார்பன், இந்த ரெண்டு இடம்தான் கதவு. சுக்ரோஸ்ல ரெண்டு கதவும் ஒண்ணை ஒண்ணு பூட்டிக்கிட்டு இருக்கு. மாடல்ல எங்க இழுத்தாலும் வளையம் திறக்கற வழி கிடையாது, அந்த நடு ஆக்சிஜனை உடைச்சாதான் உண்டு. சர்க்கரை இருக்கான்னு பாக்கற பெனடிக்ட் டெஸ்ட்ல நீலக் கரைசல் குளுக்கோஸுக்கு செங்கல் சிவப்பா மாறும், சுக்ரோஸுக்கு நீலமாவே நிக்கும்னு மனப்பாடம் பண்ணியிருப்பீங்க, காரணம் இந்தப் பூட்டு, வளையம் திறந்து ஆல்டிஹைடு முனை வெளிய வந்தாதான் கலர் மாறும். செடிகள் இலையில செஞ்ச சர்க்கரையை மத்த பாகத்துக்கு அனுப்பறப்ப பெரும்பாலும் சுக்ரோஸாத்தான் அனுப்புது, வழியில யாரோடயும் ரியாக்ட் ஆகாம போய்ச் சேரும். பூச்சிகள் ரத்தத்துல ஓடறது ட்ரெஹலோஸ், ரெண்டு குளுக்கோஸ் முதல் கார்பனும் முதல் கார்பனுமா ஒட்டினது, அதுவும் ரெண்டு கதவும் பூட்டின கேஸ்தான். ஃப்ரக்டோஸ் ஆல்டிஹைடு இல்லயே, அது ஏன் பெனடிக்ட்ல சிவப்பு காட்டுதுன்னு யாராச்சும் கேட்டா, அந்தக் கரைசல் காரத்தன்மை உள்ளது, அதுல ஃப்ரக்டோஸ் கொஞ்சம் கொஞ்சமா குளுக்கோஸாவும் மேனோஸாவும் மாறிக்கும், அதான்.

லாக்டோஸ், மால்டோஸ் ரெண்டும் கட்டினேன், சுக்ரோஸ் அளவுக்கு சுவாரஸ்யம் இல்ல, ஆனா ஒரு விஷயத்துக்காக கட்டலாம். மால்டோஸ்ல ஆல்ஃபா இணைப்பு, முளை கட்டின பார்லியில மாவுச்சத்து உடையறப்ப வர்றது. அந்த இணைப்புல ரெண்டு வளையமும் ஒரு வளைவோட நிக்கும், அதையே தொடர்ந்து நீட்டிட்டுப் போனா சுருள், மாவுச்சத்து. பீட்டாவா இணைச்சா நேரா நீளும், அதை நீட்டிட்டுப் போனா செல்லுலோஸ், பஞ்சு. ரெண்டும் வெறும் குளுக்கோஸ்தான், ஒண்ணு ஜீரணமாகும், இன்னொண்ணு சட்டையாகும்.

அஞ்சு கார்பன் ரைபோஸ் கட்ட ஒரே டப்பா போதும். வளையமா கட்டிட்டு, ரெண்டாவது கார்பன்ல இருக்கற சிவப்பு உருண்டையை உருவிட்டு வெள்ளையை நேரா கார்பன்ல குத்துங்க. ஆர்என்ஏ சர்க்கரை டிஎன்ஏ சர்க்கரை ஆயிருச்சு. 1969ல ஆஸ்திரேலியாவுல விழுந்த மர்ச்சிசன் விண்கல்லுல ரைபோஸ் இருக்குன்னு 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதைச் சொன்னதுக்கப்புறம் அக்கா பொண்ணு அந்த மாடலை மட்டும் கழட்ட விடல, அதுல 5 கார்பன் மாட்டிக்கிச்சு எனக்கு.

கிட்டால முடியாததும் இருக்கு. இனிப்பு எவ்ளோன்னு மாடலைப் பாத்து சொல்ல முடியாது. சுக்ரோஸை 100னு வச்சா குளுக்கோஸ் 70 பக்கம், லாக்டோஸ் 20ஐ ஒட்டி, ஃப்ரக்டோஸ் 120ல ஆரம்பிச்சு சூட்டைப் பொறுத்து அதுக்கு மேலயும் போகும், இதெல்லாம் நாக்கு வச்சு அளந்தது. இன்னொரு குறை, குச்சியைச் சுத்தி கை தானா திரும்பிக்குது, கொஞ்ச நேரம் கையில வச்சிருந்தா ஓஹெச் எல்லாம் கோணல்மாணலா நிக்கும், பாக்கறவங்க அதுதான் அமைப்புன்னு நினைச்சுக்கக் கூடாது.

என்னைக் கேட்டா உருண்டைக்கும் ஓட்டைக் கோணத்துக்கும் 5க்கு 4, கையேட்டுக்கு 2 கூட ஜாஸ்தி. பயோகெமிஸ்ட்ரி படிக்கறவங்க, சொல்லிக் குடுக்கறவங்க தாராளமா வாங்கலாம். வாங்கறதுக்கு முன்னாடி மொத்தம் எத்தனை பீஸ்னு பாக்காதீங்க, சிவப்பு எத்தனைன்னு பாருங்க, 12க்குக் கம்மியா இருந்தா சர்க்கரைக்கு பத்தாது. ஏற்கனவே சின்ன டப்பா வாங்கிட்டீங்கன்னா ஒரு வழி இருக்கு, கார்பன்ல நேரா ஒட்டற வெள்ளையை எல்லாம் விட்டுருங்க, ஓட்டை காலியா இருந்தா அங்க ஹைட்ரஜன்னு வச்சுக்கலாம், சுக்ரோஸுக்கு ஓஹெச்ல குத்த 8 வெள்ளை மட்டும் போதும். பத்தாத சிவப்புக்கு ரெண்டு ஓட்டை உள்ள வேற கலர் உருண்டை இருந்தா அதைப் போட்டு ஒப்பேத்துங்க. அப்புறம் குச்சி கழட்டற பிளாஸ்டிக் கொக்கி ஒண்ணு டப்பாவுக்கு அடியில அட்டைக்குக் கீழ ஒளிஞ்சிருக்கும், அதை முதல்ல தேடி எடுத்துக்கோங்க, பல்லால கடிச்சு இழுத்தா குச்சி நுனி நசுங்கிரும், அப்புறம் எந்த ஓட்டையிலயும் நிக்காது.